எள்ளுக்காட்டில் படுத்த காற்று

ஆனி பிறந்து, மேற்கே கணவாய் திறந்து, ஆண்கள் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற காலம் வந்து, இன்றைக்குச் சாரல் வரும், நாளைக்கு வரும் என்று வாகையடியூர் மொத்தமும் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில், மலையிலிருந்து இறங்கிய காற்று, மின்சாரம் எடுக்கிற காத்தாடிகளின் முதல் வரிசையைக் கடந்து, அடுத்த வரிசையையும் கடந்து, ஓடைக்குக் குறுக்கே காத்தாடிக் கம்பெனி போட்ட மேட்டு ரோட்டில் வந்து முட்டி, பக்கவாட்டில் தள்ளாடி, வெயிலுகந்தாளின் எள்ளுக்காட்டுக்குள் நுழைந்து, பூவிட்டிருந்த செடிகளின் மேல் படுத்துவிட்டது.

காற்று படுத்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறவர்கள் எள்ளுக்காட்டைப் பார்த்திராதவர்கள். இடுப்பளவு நின்ற செடிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடுமாக ஒரு படுக்கை விழுந்திருந்தது. அந்தப் படுக்கை மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. ஏறும்போது செடிகள் கொஞ்சம் நிமிர்ந்தன, இறங்கும்போது மறுபடி சாய்ந்தன. பக்கத்தில் போய் நின்றால் மூச்சு கேட்டது. மேற்கே நின்ற காத்தாடிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து, கடைசிச் சுற்றை அரைமனதாகச் சுற்றி, கையை விரித்தபடியே நின்றுவிட்டன.

வெயிலுகந்தாள் நாற்பதைத் தாண்டியவள். வாய் மட்டும் இல்லாவிட்டால் இவளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று ஊரில் சொல்வார்கள், அவள் காதுபடவே சொல்வார்கள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவளுக்கு இருந்தது அந்த எள்ளுக்காடும் அதன் மூலையில் ஒரு கிணறும்தான். கிணற்றில் முன்பு வெங்காயத்துக்குப் பாய்கிற அளவுக்குத் தண்ணீர் கிடந்தது, இப்போது வாளியை விட்டால் மண்ணைத் தட்டி வந்தது. அவள் காற்றைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். மலைப்பக்கம் கையை நீட்டினால் ஈரமாக இருந்தது, ஊர்ப்பக்கம் நீட்டினால் காய்ச்சல்காரன் நெற்றியாகச் சுட்டது. போய் அடிக்கிணற்றைச் சுரண்டிக் கலங்கல் தண்ணீர் அரை வாளி இறைத்து வந்து, மூச்சு வருகிற பக்கமாகத் தெளித்துவிட்டு, புருஷனுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, நம்ம எள்ளுக்காட்டுல காத்து வந்து படுத்துட்டு.”

“எந்தக் காத்து?”

“மேகாத்துதான். இந்த மாசத்துல வேற எது வரும்?”

“எள்ளு என்னாச்சு?”

“அதுக்கு அடியில கெடக்கு.”

“அப்பம் எழுப்பி விடு.”

“சீக்கு மாட்ட எழுப்பி விடச் சொல்லுவியளா? எளைப்பா எளைக்கி. நான் பாத்துக்கிடுதேன், நீங்க வேலையப் பாருங்க” என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் வரப்பில் நின்றது. அதிசயம் என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை, இது நடக்கும் என்று தங்களுக்கு முன்பே தெரியும் என்றுதான் ஆளாளுக்குச் சொன்னார்கள். காத்தாடி வந்த வருஷத்திலிருந்து டீக்கடையில் வேறென்ன பேச்சு நடந்தது? காத்தாடி மேகத்தை வெட்டுகிறது என்றார்கள். இறக்கை நிழல் முற்றத்தில் ஓடுவதைப் பருந்து என்று நினைத்துக் கோழிகள் பகலெல்லாம் கூட்டுக்குள் ஒடுங்கி முட்டையை மறந்துவிட்டன என்றார்கள். தேனீ போய்விட்டது, அதனால் முருங்கை பூக்கிறது, காய்க்க மாட்டேன் என்கிறது என்றார்கள். காதுக்குள் யாரோ உலக்கை போடுகிற மாதிரி ஒரு சத்தம், தலையணையை மடித்துப் பொத்தினாலும் கேட்கிறது என்றார்கள். இப்போது காற்றே வந்து சாட்சி சொல்லிவிட்டது என்று அவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

பூலுடையார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வெயிலுகந்தாளுக்குப் பக்கத்து நிலத்துக்காரர், ஓடைக்கு மேற்கே இருந்த அவருடைய இன்னொரு நிலத்தில் காத்தாடி ஒன்று நின்றது.

“அதுக்கு அடியில வெங்காயம் வெளையத்தான் செய்யுது. மேகத்த வெட்டுது, மேகத்த வெட்டுதுன்னு சொல்லுதீயளே, காத்தாடி வாரதுக்கு முந்தி இந்த ஊருல பஞ்சமே வரலியா? நின்ன மரத்தையெல்லாம் செங்கச்சூளைக்கு வெட்டிக் குடுத்தது யாரு? காத்தாடியா எறங்கி வந்து வெட்டிச்சு?”

“உமக்கு வாடகை வருது வே, நீரு அப்படித்தான் பேசுவீரு” என்றார்கள். அவரும் ஆமாம், வருகிறது, அதற்காகப் பொய் சொல்ல முடியாது என்றார்.

அரசாங்க மாட்டு டாக்டர் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு வந்து, குழாயை வெறும் வெளியில் வைத்து வெகுநேரம் கேட்டார். இளைப்புதான், வழியில் எங்கோ மூச்சு முட்டியிருக்கிறது என்றார். ஊசி போடலாம், ஆனால் எங்கே குத்துவது என்று தெரியவில்லை என்று பையை மூடினார்.

பிறகு ஊர் அதற்குப் பழகிவிட்டது. ஊர் எதற்குத்தான் பழகாது? காற்று வேறெங்கும் இல்லாததால், தூற்றாமல் கிடந்த உளுந்தைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் எள்ளுக்காட்டுக்கு வந்தார்கள். காற்று மூச்சு விடும்போது சுளகைச் சரித்தார்கள், மூச்சு இழுக்கும்போது வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். வரப்போர வேம்பில் தொட்டில்கள் தொங்கின. வீட்டில் அழுகிற பிள்ளை அங்கே அழவில்லை. டீக்கடைக்காரர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு நாள் யாரோ படுக்கையின் தலைமாட்டில் மஞ்சளைப் பூசிக் குங்குமம் வைத்துச் சிவப்புத் துணியும் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள், வெயிலுகந்தாள் அதை வாரி எடுத்து வரப்புக்கு அந்தப் பக்கம் போட்டாள்.

“இது சாமி இல்ல. சோந்து போயி படுத்திருக்கு. சாமியாக்கிட்டீயன்னா எந்திரிக்கவே விடமாட்டீய” என்றாள்.

ஆனால் எள் கருகிக்கொண்டு வந்தது. பூ உதிர்ந்தது, பிஞ்சு நசுங்கியது, மூச்சின் சூட்டில் ஊர்ப்பக்கத்துச் செடிகள் பழுத்து மஞ்சளாயின. மேற்கே மேகங்கள் மலை உச்சியில் பஸ் வராத ஊரில் நிற்கிற ஆட்களைப் போல மூட்டையோடு நின்றன, கீழே கூட்டி வர ஆளில்லை. சுற்று வட்டாரத்தில் எங்கும் ஒரு இலை அசையவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து, உங்கள் ஊர்க்காரி காற்றைக் கட்டி வைத்திருக்கிறாளாமே என்று கேட்கத் தொடங்கினார்கள்.

கம்பெனியிலிருந்து கிளாட்வின் வந்தான். நாகர்கோவில் பக்கத்துப் பையன், இன்ஜினியர், யாரையும் எக்கா, எண்ணே என்றுதான் கூப்பிடுவான், அதனால் ஊருக்கு அவன் மேல் கோபம் இருந்தாலும் காட்ட முடிவதில்லை. கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோகிற பெரிய விசிறிகளை லாரியில் ஏற்றிவந்து, படுக்கையைச் சுற்றி நிறுத்தி, ஜெனரேட்டரைப் போட்டு ஊதச் சொன்னான். காற்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபக்கம் புரண்டு படுத்தது. அதில் இன்னும் ஒரு பாத்தி எள் போயிற்று. அடுத்தபடியாகக் கிரேனும் வீடு மூடுகிற அளவுக்குத் தார்ப்பாயும் வந்தன, அடியில் தார்ப்பாயைக் கொடுத்துத் தூக்கிக் காத்தாடிக்கு முன்னால் கொண்டுபோய் விடுவதாகத் திட்டம். வெயிலுகந்தாள் கிரேனுக்கு முன்னால் போய் நின்றாள்.

“தூக்கப்பிடாது” என்றாள்.

“எக்கா, உங்க எள்ளுக்கு நட்டஈடு தருவாங்க.”

“எள்ளு கெடக்கட்டும். விழுந்தத இழுக்கப்பிடாதுன்னு எங்க ஊருல ஒரு மொற இருக்கு.”

அப்படி ஒரு முறை வாகையடியூரில் உண்டு. வழிபோகிற மாடோ ஆடோ எவன் நிலத்தில் சோர்ந்து விழுகிறதோ, அது தானாக எழுந்து நிற்கிறவரை அந்த நிலத்துக்காரன்தான் அதற்குப் பொறுப்பு. சொந்தக்காரனே வந்தாலும் கயிறு போட்டு இழுக்க முடியாது. விழுந்தது எந்த வழியாக வந்ததோ அந்த வழியே நிலத்துக்காரன் திரும்ப நடந்து, எங்கே அடைபட்டது என்று பார்க்க வேண்டும். அடைத்தவன் எவனோ, அவன் தன் கையாலேயே திறக்க வேண்டும், கூலிக்கு ஆள் வைக்கக்கூடாது. பூலுடையாரின் அப்பா காலத்தில் சந்தைக்குப் போன காளை ஒன்று அவர் மிளகாய்த் தோட்டத்தில் விழுந்து, அது எழுகிறவரை பாத்தியில் தண்ணீர் விடாமல் மிளகாய் மொத்தத்தையும் காயவிட்டார்கள். அதற்காக யாரும் அவரைப் பாராட்டவில்லை, முறை என்றால் முறைதான்.

“இது மாடா எக்கா?” என்றான் கிளாட்வின்.

“மாடு இல்ல. விழுந்திருக்குல்லா?” என்றாள். ஊரில் பெரியவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவரும் அவள் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. கிரேன் கையை மடக்கிக்கொண்டது.

மறுநாள் காலையில் அவள் காற்று வந்த வழியே மேற்கு நோக்கி நடந்தாள், பின்னால் ஊரும் நடந்தது. நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும், காத்தாடியின் காலடி வரைக்கும் போக வேண்டியிருக்கும் என்று சிலர் தண்ணீர் பாட்டிலும் கொண்டு வந்திருந்தார்கள். ஓடையில் இறங்கினால் மேட்டு ரோடு எதிரே நின்றது. காத்தாடியின் இறக்கையைப் படுக்க வைத்துக் கொண்டுபோகிற நீள லாரிகளுக்காக, மலையிலிருந்து வருகிற ஓடையின் குறுக்கே, இரண்டு ஆள் உயரத்துக்குச் சரளும் செம்மண்ணும் கொட்டி இறுக்கிய ரோடு. அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

அந்தப் பக்கத்துச் சரிவு முழுக்கப் பச்சையாக இருந்தது. நெஞ்சளவு புல், கற்களில் பாசி. காற்று சுமந்து வந்து இறக்கி வைத்ததெல்லாம் அங்கே குவிந்து கிடந்தது: மலைக்காட்டுச் சருகு, தேக்கிலை, பறவை இறகு, எங்கோ வேலியில் காய்ந்த யாரோ ஒருத்தியின் தாவணி. ஓடைத் தண்ணீர் வந்து தேங்கி நின்று வற்றிய பள்ளம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இந்தப் பக்கம், ஊர்ப்பக்கம், சரிவில் ஒரு முள்ளுகூட முளைக்கவில்லை. மேலே போகிற காற்றைக் காத்தாடி எடுத்துக்கொண்டது, கீழே ஓடைக்குள் தாழ வருகிற காற்றும் தண்ணீரும் வருஷக்கணக்காக இந்த மேட்டில் முட்டிச் செத்துக்கொண்டிருந்தன. ஊர் அத்தனை வருஷமும் அண்ணாந்து இறக்கையையே பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தது, காலுக்குக் கீழே ஒருவரும் பார்க்கவில்லை.

பார்க்காததற்குக் காரணமும் இருந்தது. அந்த ரோடு வந்த பிறகுதான் வெங்காயம் ஏற்றுகிற லாரி நிலத்துக்கே வந்தது. அதற்கு முன்னால் மூட்டையைத் தலையில் வைத்து ஓடை இறங்கி ஏறித் தார் ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ரோடு போட்ட அன்றைக்கு ஊரே குலவையிட்டு வரவேற்றது, முதல் லாரிக்குச் சந்தனம் பூசியது வெயிலுகந்தாள்தான்.

“என் கெணறு எங்க போச்சுன்னு தேடிக்கிட்டு இருந்தேன். இதுக்கு மேலதான் செருப்பு போட்டுக்கிட்டு நடந்திருக்கேன்” என்றாள் அவள். அவளுக்கு ஆத்திரம் வந்தது, யார் மேல் என்று பிரிக்க முடியாத ஆத்திரம். “இத வெட்டணும்.”

பூலுடையார் பதறிப்போனார். “ரோட்ட வெட்டினா வெங்காய மூட்டைய மறுபடி தலையிலயா தூக்குவ?”

“தூக்குததுக்கு மொதல்ல வெங்காயம் வேணும்லா அண்ணாச்சி.”

கிளாட்வின் மேலிடத்தில் கேட்டுச் சொன்னான். முதலில் காற்றை எழுப்பிவிடுங்கள், பிறகு ஓடையைப் பற்றி உட்கார்ந்து பேசலாம் என்று பதில் வந்தது. ஊரிலும் பாதிப்பேர் அதையே சொன்னார்கள்: லாரி நின்றுவிட்டால் எப்படி, யோசிக்கலாம், ஆடி முடியட்டும். ஆடி முடிந்தால் சாரலும் முடிந்தது, பிறகு எழுந்து என்ன, எழாமல் என்ன என்றாள் அவள். வழியை அடைத்தவன் கம்பெனிக்காரன், அவனல்லவா திறக்க வேண்டும் என்று ஒருவர் முறை பேசினார்.

“கொட்டினவன் அவன்தான். அது மேல ஏறி நடந்த நானும் அடைச்சவதான். என் பங்க நான் தோண்டுதேன்” என்று சொல்லி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சரளை இறுக்கிப் போட்ட மண்ணுக்கு மண்வெட்டி ஒரு பொருட்டா? பொழுது சாய்வதற்குள் அவள் வெட்டியது ஒரு கோழி படுக்கிற குழி. உள்ளங்கை கொப்புளித்தது. மறுநாளும் போனாள். வெயில் நின்று எரித்தது, வியர்வையை ஆற்ற ஒரு மூச்சுக் காற்று இல்லை, ரோட்டில் போன லாரிக்காரர்கள் குழியைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனார்கள், அவளைப் பார்த்து ஹாரனை அமுக்கினார்கள், அவள் நிமிரவில்லை. அடுத்த நாள் பூலுடையார் கடப்பாரையோடு வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று குத்தத் தொடங்கினார்.

“நான் ஒனக்காவ வரல. தெனமும் பைக்க இதுலதான் ஓட்டுதேன், மொறன்னு ஒண்ணு இருக்கு” என்றார்.

அவர் வந்ததும் ஊருக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. வாடகை வாங்குகிறவரே வெட்டுகிறார் என்றால் வாங்காதவன் என்ன சொல்லித் தப்பிக்க முடியும்? ரோட்டில் நடந்தவர்கள் வந்தார்கள், சைக்கிள் ஓட்டியவர்கள் வந்தார்கள், மூட்டை ஏற்றியவர்கள், ஆடு பத்தியவர்கள், ரோட்டு ஓரத்தில் நெல் காயப்போட்டவர்கள், கல்யாணத்துக்கு அதன் வழியே கார் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். கூடையில் மண் கை மாறியது. தூற்ற வந்த பெண்கள் சுளகில் சரளை அள்ளினார்கள். தங்கள் ரோட்டைத் தாங்களே வெட்டுகிறோம் என்ற வருத்தம் எல்லோருக்கும் இருந்தது, அதை யாரும் மறைக்கவும் இல்லை, கையை நிறுத்தவும் இல்லை.

கிளாட்வின் ஜீப்பை நிறுத்திவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தான். “ரோடு இருக்கு சார், காத்துதான் இல்ல. ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க” என்றான். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தம் போட்டார்கள். அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான், ஷூவைக் கழற்றி ஜீப்புக்குள் வைத்தான், பேன்ட்டை மடித்துவிட்டுக் குழியில் இறங்கினான்.

“எக்கா, இந்த ரோட்டுல நெறைய ஓட்டுனது நான்தான். ஒரு மம்பட்டி தாங்க.”

அன்று பிற்பகலில் மேட்டின் நடுப்பகுதி சரிந்து, மேற்கு வெளிச்சம் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. எள்ளுக்காட்டில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தவள் கூப்பிட்ட குரலில் எல்லோரும் திரும்பினார்கள். காற்று எழுந்துகொண்டிருந்தது. மாடு எழுவது போலப் பின்பக்கத்தை முதலில் தூக்கி, முன்பக்கத்தில் முட்டி போட்டு, கொஞ்சம் தடுமாறி, பிறகு நின்றது. நின்ற இடத்தில் வேம்பு தலைவிரித்து ஆடியது. அது ஓடைக்குள் இறங்கி, வெட்டிய வாயருகே வந்து, குனிந்து நின்றவர்களின் வியர்வையையெல்லாம் ஒரு தடவை துடைத்துவிட்டு, உள்ளே நுழைந்து, மேற்கே போய், போன வேகத்தில் மலையிலிருந்து திரும்பி வந்தது. காத்தாடிகள் சுற்றத் தொடங்கின. பூலுடையாரின் காத்தாடியும் சுற்றியது, சுற்றட்டும் என்று வெயிலுகந்தாள் சொன்னாள். மறுநாள் விடியும்போது மேகங்கள் இறங்கிவிட்டன. சாரல் என்றால் கன்னத்தில் பட்டால்தான் தெரிகிற அந்தச் சாரல் முதலில், பிறகு சட்டையை நனைக்கிற சாரல். ஓடையில் தண்ணீர் வந்து, வெட்டிய வாய் வழியாகச் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடியது. ஆடிப் பெருக்குக்கு முன்னாலேயே அவள் கிணற்றில் ஊற்று விழுகிற சத்தம் கேட்டது. கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அவள் அழுதாள், யார் பார்த்தால் என்ன என்று சத்தமாகவே அழுதாள்.

எள் முழுக்கப் போய்விட்டது. தண்ணீர்தான் வந்துவிட்டதே, செத்த செடியைப் பிடுங்கிப்போட்டு உழுதுவிட்டு வெங்காயம் நடு என்று புருஷன் போனில் சொன்னான், பூலுடையாரும் சொன்னார். அவள் சுற்றிலும் உழுதாள், சுற்றிலும் நட்டாள், படுக்கை கிடந்த இடத்தில் மட்டும் ஏர் விடவில்லை, ஆள் மிதிக்கவும் விடவில்லை. சாய்ந்த தட்டை சாய்ந்தபடியே, பள்ளமும் மேடுமாக அப்படியே கிடந்தது. நல்ல நிலத்தைச் சும்மா போட்டிருக்கிறாள், கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள்.

காத்தாடிக்குப் பழுது பார்க்கிற வண்டி போக வேண்டும் என்று கம்பெனிக்கு ரோடு மறுபடி தேவைப்பட்டது. ஊருக்கும் தேவைப்பட்டது, வெங்காயம் கிழங்கு பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஓடைக்குள் இரண்டு சிமெண்ட் குழாயைப் போட்டு மேலே மண்ணை மூடிவிடலாம் என்று படம் வரைந்து கிளாட்வினிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவள் படத்தைப் பார்த்தாள். தண்ணி போயிரும், காத்து போகுமா என்று கேட்டாள். அவன் படத்தை வாங்கி மடித்து வைத்தான். திரும்பவும் மூடினால் திரும்பவும் வந்து படுக்கும் என்று அவனுக்கும் தெரியும், மேலிடத்துக்கும் தெரியும், அது அடுத்த தடவை எந்த நிலத்தில் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

“பாலம்தான் எக்கா கட்டணும். எத்தன அகலத்துக்குன்னு கேட்டா நான் என்னண்ணு சொல்லுவேன்? காத்துக்கு அளவு உண்டா?”

அவள் அவனைப் படுக்கைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டேப்பின் ஒரு நுனியைத் தானே வாங்கி, வடக்கு ஓரத்துத் தட்டைக்குப் பக்கத்தில் குத்தவைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் தெற்கு ஓரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், குனிந்து அளவைப் பார்த்து, எழுதப் போனான்.

“இரிங்க தம்பி” என்றாள் வெயிலுகந்தாள். “இது சுருண்டு படுத்திருந்த அளவு. எந்திரிச்சு நின்னப்பம் நீங்களும் பாத்தீயள்லா? இன்னும் தள்ளிப் போயி நில்லுங்க.”